பாதி வழியில் இறங்கிய பல்லக்கு

வேம்பனூரை ஆண்ட திருமேனிராயருக்குப் பெயருக்கேற்ற மேனி. அவரைத் தாங்கும் குதிரை அந்த நாட்டில் கிடையாது. பல்லக்கில்தான் போவார். அதைத் தூக்க எட்டுப் பேர். அவர்களுக்குக் கூலி, மன்னருடைய அப்பா காலத்தில் வைத்ததுதான். அதற்குள் அரிசி விலை இரண்டு மடங்காகிவிட்டது. மன்னரின் எடையும் ஏறக்குறைய அப்படித்தான்.

பல்லக்குக்காரர்களில் மூத்தவன் முத்திருளன். அவன் சபைக்கு வந்து, வீட்டில் ஒரு வேளைதான் உலை வைக்கிறோம், கூலியைக் கொஞ்சம் கூட்டித் தரவேண்டும் என்று கேட்டான். திவான் அரிகேசர் சிரித்தார். ஒரு காசுகூடக் குறைக்கவில்லையே, பிறகு உனக்கு என்ன குறை என்றார். பிடிக்காதவன் வேலையை விட்டுப் போகலாம் என்றும் சொன்னார். மன்னரும் தலையாட்டிவிட்டார். முத்திருளன் திரும்பினான். சபை விகடக்காரன் நல்லாதன் எழுந்து அவன் பின்னாலேயே போனான்.

மறுநாள் மன்னர் சம்பந்தி வீட்டு விருந்துக்குப் புறப்பட்டார். திவானும் ஏழு அதிகாரிகளும் குதிரையில் வந்தார்கள். நல்லாதன் நடந்து வந்தான். உச்சி வெயில். ஒரு மரம்கூட இல்லாத பொட்டலில், சரியாகப் பாதி வழியில், பல்லக்கு மெல்லத் தரையில் இறங்கியது. எட்டுப் பேரும் கைகட்டி ஒதுங்கி நின்றார்கள்.

திவான் சவுக்கை ஓங்கினார். மன்னர் தடுத்து, என்ன சங்கதி என்று கேட்டார். நல்லாதன் முன்னால் வந்தான்.

“இவர்கள் மேல் தப்பில்லை, மகாராஜா. இறக்கச் சொன்னது நான்தான். இவர்கள் வாங்கும் கூலி பாதி மாதம் வரைதான் வருகிறது. பல்லக்கும் பாதி வழி வரை வந்துவிட்டது.”

“மீதி வழிக்கு நான் என்ன செய்வது?”

“மீதி மாதத்துக்கு இவர்கள் கடன் வாங்குகிறார்கள். தாங்களும் தோள் கடன் வாங்கலாம். திவானோடு சேர்த்து இங்கே எட்டுப் பேர் இருக்கிறார்கள். மூன்று வேளையும் சாப்பிட்ட தோள்கள்.”

மன்னருக்கு நல்ல பசி. தூக்குங்கள் என்று அதிகாரிகளைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

நூறு அடி போவதற்குள் ஒருவர் தலைப்பாகை விழுந்தது. இன்னொருவர் செருப்பு பிய்ந்தது. திவானுக்குக் கண் இருட்டியது. மன்னர் திரையை விலக்கி, கூலி விஷயத்தில் இப்போது உமது அபிப்பிராயம் என்ன என்று சாவகாசமாக விசாரித்தார்.

திவான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “கூலி ஏறட்டும், மகாராஜா. அரிசி ஏறும்போதெல்லாம் ஏறட்டும். தாங்கள் முதலில் இறங்குங்கள்.”

மன்னர் சிரித்த சிரிப்பில் பல்லக்கு குலுங்கியது. திவான் உட்கார்ந்தேவிட்டார். ஆணை அந்தப் பொட்டலிலேயே எழுதப்பட்டது. நல்லாதனுக்குப் பரிசு, திவானின் குதிரை.