கூரைமேல் ஏறிய ஆடு

பாறைச் சரிவில் தான் கட்டிக்கொடுத்த வீட்டின் கூரைமேல் ஆடு மேய்கிறது என்று போன் வந்ததும் அஜினுக்குக் கோபம் தலைக்கேறியது.

அது சாதாரணக் கூரை இல்லை. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணையே காங்கிரீட்டின்மேல் பரப்பி, அந்தச் சரிவின் புல்லையே அதில் வளர்த்திருந்தான். மேலே ரோட்டில் நின்று பார்த்தால் வீடு இருப்பதே தெரியாது. சரிவு நேராகக் கடலுக்கு இறங்குவது போலிருக்கும். அந்த வீட்டுக்குத்தான் அவனுக்குப் பரிசு கிடைத்தது.

சலோமி டீச்சர்தான் அவனுக்குக் கட்டடக் கலை சொல்லிக்கொடுத்தவர். அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனான்.

வீட்டுக்காரர் எட்வின் ஒரு ஆட்டைப் பிடித்து கார் ஷெட் தூணில் கட்டிப்போட்டிருந்தார். ஆட்டுக்காரி தங்கபாய் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"குட்டி பாலுக்குக் கிடந்து கத்துது. அவுத்து விடுங்க சார்!"

"விட்டா மறுபடியும் என் தலைமேல ஏறும்," என்றார் எட்வின்.

அஜின் பாய்ந்தான். "ஒரு மழைக்காலம் பூரா உயிரக் குடுத்து வளர்த்த புல்லும்மா அது! வீட்டுக்கும் மலைக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஆட்டுக்கு யாரு சொல்ல?" தங்கபாயும் விடவில்லை. "அங்க ஒரு சுவரு உண்டா, வாசல் உண்டா? பச்சையா இருந்தா ஆடு திங்காம என்ன செய்யும்?"

எட்வின் அஜினிடம் திரும்பினார். "சுத்தி ஆள் உயரத்துக்கு வேலி போடுங்க. இன்னைக்கே."

அஜின் காரின்மேல் காகிதத்தை விரித்து மளமளவென்று வரைந்தான். டீச்சரிடம் நீட்டினான்.

டீச்சர் பார்த்தார். "ரோட்டுல நின்னா இனி என்ன தெரியும்?"

"வேலி தெரியும்."

"வேலிக்குள்ள?"

அஜின் காகிதத்தைச் சுருட்டினான்.

டீச்சர் ஷெட்டுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தார்.

"யாரக் கேட்டு அவுக்கிறீங்க?" எட்வின் சீறினார்.

ஆடு யாரையும் சட்டை செய்யவில்லை. பாறையைச் சுற்றிக்கொண்டு ஓடி நேரே கூரைக்கு ஏறியது. தலையைத் தாழ்த்தி மேய ஆரம்பித்தது.

அஜின் டீச்சரிடம் ஓடினான். "என்ன டீச்சர் இது? மண்ணோட மண்ணா இருக்கணும்னு சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே? அதத்தானே செஞ்சேன்! பரிசு குடுத்த நடுவர் எல்லாரும் இங்க வந்து பாத்தாங்க. வீடே தெரியல, மலைதான் தெரியுதுன்னு ஒவ்வொருத்தரும் சொன்னாங்க!"

"எல்லாரும் சொன்னாங்க," என்றார் சலோமி டீச்சர். "நம்பினது அந்த ஆடு ஒண்ணுதான்."