இது பாடமா, அப்பா?

"சாமி, என் பொண்ணு எதை எடுத்தாலும் ஒரே கேள்விதான் கேட்கறா. எனக்குப் பதில் தெரியல."

"என்ன கேக்கறா?"

"இது பாடமா, அப்பா? இதுதான்."

சொன்னவர் தணிகாசலம். ஐம்பதைத் தாண்டியவர். காலம் கடந்து பிறந்த ஒரே மகள் அல்லி. ஆறு வயது. அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துத் தாமே கற்பித்துவந்தார்.

கேட்டுக்கொண்டிருந்தவர் ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த சாமி. நாற்பதுகூட ஆகவில்லை. அதனால் தம் சீடரை 'அண்ணே' என்றுதான் அழைப்பார். தணிகாசலத்துக்கு அது முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

"பாடம்னா பாடம்னு சொல்லுங்க அண்ணே. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

"பாடம்னு சொன்னா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடறா. முகமே மாறிடுது. இல்லன்னு சொன்னா குதிச்சுக்கிட்டு வர்றா. அதனால இல்லன்னு சொல்லிட்டுத்தான் நடத்தறேன்."

"பொய் சொல்றீங்க."

"ஆமா சாமி."

"கண்டுபிடிச்சிருப்பாளே."

தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

"போன வாரம் ரெண்டு பேருமா தோசை வார்த்தோம். யானைக் காது மாதிரி வந்தது. விழுந்து விழுந்து சிரிச்சோம். நான் அதைக் கத்தியால ரெண்டா வெட்டி, இது அரை, இதையும் வெட்டினா கால்னு ஆரம்பிச்சேன். தட்டை நகர்த்தி வெச்சுட்டா. சாப்பிடவே இல்ல."

"வீட்டுல அண்ணி என்ன சொல்றாங்க?"

"ஸ்கூல்லயே சேத்துடுங்கன்னு சொல்றா. 'அங்க பாடம் தொடங்கினா மணி அடிக்கும், முடிஞ்சாலும் மணி அடிக்கும். உங்ககிட்ட முடியற மணியே இல்ல'ங்கறா."

சாமி சிரித்துவிட்டார். தணிகாசலம் சிரிக்கவில்லை.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

தணிகாசலம் தோள்துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்தார். ஏரியில் ஒரு நாரை இடம் மாறி நின்றது.

"முன்னெல்லாம் நாள் முழுக்கக் கூப்பிடுவா, சாமி. அப்பா, இங்க வாங்க. மாவு பொங்கி மூடியைத் தள்ளுது, வாங்க. காக்கா கண்ணாடியில சண்டை போடுது, வாங்க. என் நிழலுக்குக் கழுத்தே இல்ல, வாங்க. எழுந்து எழுந்து முட்டி வலிக்கும். அதுக்காகத்தான் அவளை வீட்டுல வெச்சேன்னுகூடச் சொல்லலாம்."

"இப்ப?"

"கூப்பிடறதில்ல. தோட்டத்துல குனிஞ்சு எதையோ பாத்துக்கிட்டிருப்பா. நான் கிட்டப் போனா காலால மூடிடறா."

சாமி எழுந்தார். குடிசைக்குள் போய் வெட்டிய நுங்குக் காய் ஒன்றைக் கொண்டுவந்து தணிகாசலத்தின் கையில் கொடுத்தார்.

"சாப்பிடுங்க."

தணிகாசலம் கட்டைவிரலை உள்ளே விட்டார்.

"இதுல எத்தனை கண்ணு அண்ணே?"

"மூணு சாமி."

"நாலு இருக்குமா?"

"நான் பார்த்ததில்ல."

"பனை, மரமா புல்லா?"

"புல் இனம்னு சொல்லுவாங்க."

"ஆண் பனை காய்க்குமா?"

"காய்க்காது."

"ஏன்?"

தணிகாசலம் விளக்கினார். நன்றாகவே விளக்கினார். மணிக்கட்டு வழியாக ஏதோ வழிந்து சட்டைக் கைக்குள் போயிற்று.

"எப்படி இருந்தது?" என்றார் சாமி.

"எது?"

சாமி காலிக் காயைக் காட்டினார்.

தணிகாசலம் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கும்பிட்டுவிட்டு நடந்தார்.

அவருக்குப் புரிந்துவிட்டது.

வீட்டில் அன்றுமுதல் எதையும் சொல்லித்தரவில்லை. கேட்கவுமில்லை. அல்லி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தாள், விட்டுவிட்டார். பன்னிரண்டுக்குப் பிறகு பதினாலு எண்ணினாள், விட்டுவிட்டார். தட்டான் ஏன் தண்ணியைத் தொட்டுத் தொட்டுப் பறக்கிறது என்று கேட்டாள். "நீயே கண்டுபிடி" என்றார். சொல்லத் தெரிந்த பதிலைச் சொல்லாமல் விழுங்கினார். பெரிய தவம் செய்வதாகத் தோன்றியது.

வாரக் கடைசியில் அவள் அவர் மடிமேல் வந்து நின்று, இரண்டு கையாலும் அவர் முகத்தைத் திருப்பினாள்.

"அப்பா, என்மேல கோபமா?"

அவர் மறுபடி ஏரிக்கரைக்கு வந்தார்.

"நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன் சாமி. வாயே திறக்கல. அவ பயந்துட்டா."

"நான் என்ன சொன்னேன்?"

"சும்மா இருக்கச் சொன்னீங்க."

"நான் நுங்கு குடுத்தேன்."

தணிகாசலம் கோபத்தோடு எழுந்துவிட்டார். ஐம்பது வயதுக்காரருக்கு வரும் கோபம். முழங்கால்தான் முதலில் காட்டிக்கொடுத்தது.

"எனக்குத் தெரியல சாமி. சொல்லிக்கொடுத்தா மூடிக்கறா. சொல்லிக்கொடுக்கலைன்னா அழறா. அவ குழந்தைப் பருவத்தை நான் என் ஆசைக்கு எடுத்துக்கிட்டேனோன்னு இருக்கு. திங்கக்கிழமை ஸ்கூல்ல சேத்துடறேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"நாளைக்கு அவளைக் கூட்டிக்கிட்டு வாங்க."

"வந்து?"

"வேட்டி வெள்ளையா வேணாம்."

மறுநாள் வந்தார்கள். தணிகாசலம் வெள்ளை வேட்டிதான் கட்டியிருந்தார். வேறு எதுவும் அவருக்குப் பழக்கமில்லை.

அல்லி சாமியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் அப்பாவுக்கு மிஸ்ஸா?"

"அப்படித்தான் சொல்லிக்கறாங்க."

"அடிப்பீங்களா?"

"உங்கப்பா என்னைவிடப் பெரியவர். திருப்பி அடிச்சுட்டா?"

அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. குடிசையைச் சுற்றி ஒரு நடை போனாள். திரும்பி வரவில்லை.

தணிகாசலம் எட்டிப் பார்த்தார். கூரை விளிம்புக்குக் கீழே, மழையே படாத பொடிமண்ணில், அவள் குந்தியிருந்தாள். அவர் நிழல் விழுந்ததும் அவள் பாதம் முன்னால் நகர்ந்தது.

அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

சாமி அவரைத் தாண்டிப் போய், குப்புறப் படுத்துக்கொண்டார். தாடி மண்ணில் பட்டது.

"என்னம்மா இருக்கு?"

அல்லி யோசித்தாள். பாதத்தை மெல்ல எடுத்தாள். புனல் மாதிரி ஒரு சின்னக் குழி. பக்கத்தில் இன்னும் சில.

"குழியானைப் பூச்சி. அடியில ஒளிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

"சின்ன வயசுல தெரியும். மறந்துட்டேன்."

"இதையெல்லாமா மறப்பாங்க?"

"மறந்துட்டேனே."

"சரி, பாருங்க. இது பின்னாடிதான் போகும். முன்னாடி போகத் தெரியாது. எறும்பு விழுந்தா மண்ணை வாரி வாரி அடிக்கும்." குரலைத் தாழ்த்தினாள். "சாமி மாமா, இது பாடமா?"

"யாருக்கு?"

அவள் குழியையே பார்த்தாள். அப்படி ஒரு கேள்வி இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை போலிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, யாரிடம் என்றில்லாமல் கேட்டாள்: "இது பெருசானா என்ன ஆகும்?"

"எனக்குத் தெரியாதே" என்றார் சாமி. உண்மையாகவே தெரியாதவர்போலத்தான் இருந்தார்.

தணிகாசலத்தின் வாய் திறந்து மூடியது. துண்டின் நுனியை முறுக்கினார். கேட்டால் சொல்வதா, கேட்டாலும் சொல்லாமலிருப்பதா? கடைசியில் நின்ற இடத்திலிருந்தே மெதுவாகச் சொன்னார்.

"இறக்கை முளைக்கும்."

அல்லி திரும்பினாள்.

"பொய்."

"நிஜமாத்தான். தட்டான் மாதிரி பறக்கும்."

"இதுவா? இந்தக் குண்டா?"

"இதேதான்."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"பின்ன எப்படித் தெரியும்?"

"படிச்சேன்."

"குழிக்குள்ள இருக்கறப்பவாவது பாத்திருக்கீங்களா?"

தணிகாசலம் நினைத்துப் பார்த்தார். முன்பு தோட்டத்தில் இதேபோன்ற குழியின் ஆழத்தை அவளை ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னது நினைவுக்கு வந்தது. பெயரைப் பலகையில் எழுதவைத்தது நினைவுக்கு வந்தது.

"இல்லம்மா."

அவள் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். நோயாளியைப் பார்க்க வந்த பெரிய மனுஷியைப்போல.

"பாவம்ப்பா நீங்க. இங்க வாங்க."

அவர் அசையவில்லை. காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சந்தேகமாக இருந்தது.

"அப்பா! இங்க வாங்க. சீக்கிரம்!"

சாமி உருண்டு இடம்விட்டார்.

தணிகாசலம் முதலில் ஒரு முழங்காலை ஊன்றினார். பிறகு மற்றொன்றை. பிறகு வெள்ளை வேட்டியோடு குப்புறப் படுத்தார். அவள் தலை அவர் தலையில் முட்டியது. தேங்காயெண்ணெய் வாசம். அல்லி ஒரு புல் நுனியைக் குழியின் ஓரத்தில் வைத்து மண்ணைத் தள்ளினாள். அடியில் ஏதோ அசைந்தது. மண் ஒரு துளி மேலே தெறித்தது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்று தெரியாமல் கண்ணும் கலங்கியது. அதை மறைக்க ஏதாவது சொல்லவேண்டும்போலிருந்தது.

"அல்லி, இது பாடமா?"

"ச்சூ. பேசாதீங்கப்பா. மூச்சு பட்டா மண்ணு சரிஞ்சிடும்."