என்ஜின் பாடிய ஏற்றம்

பவுன்தாயிடம் தொழில் கற்றுக்கொண்ட சீடர், அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர். பெயர் சன்னாசி. மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டில் குடியிருக்கும் வேலையாட்களுக்குக் காலையில் ரொட்டியும் பன்னும் கொண்டுபோய் விற்பவர்.

பவுன்தாய்க்கு மலையடியில் ஒரு பட்டறை. பழுதான ஸ்பிரேயர் என்ஜின்களைப் பிரித்து மாட்டுவது அவர் வேலை. அதிகம் பேச மாட்டார்.

"முழங்கால் போச்சு, வாத்தியாரம்மா," என்றார் சன்னாசி. "ஏத்தத்துல சைக்கிளைத் தள்ள முடியல. ஆறரை தாண்டினா ஆளுங்க காட்டுக்குள்ள போயிடுறாங்க. கங்காணி திங்கட்கிழமை வரைக்கும்தான் பார்ப்பாராம். அப்புறம் அந்த வியாபாரம் பரமனுக்கு. அவன்கிட்ட மொபெட் இருக்கு."

"பழைய என்ஜின் ஒண்ணு கிடக்கு. உங்க சைக்கிளுக்கு மாட்டலாம்."

"எப்போ மாட்டித் தருவீங்க?"

"நான் மாட்ட மாட்டேன். நீங்கதான் மாட்டணும். பாதி மலையில நின்னா நானா வருவேன்?"

அப்படித்தான் பாடம் தொடங்கியது. சன்னாசி மாட்டினார். பவுன்தாய் கவிழ்த்துப் போட்ட டின்மேல் உட்கார்ந்து பார்த்தார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்வதில்லை. தப்பாக இருந்தால் "இல்ல" என்பார். என்ஜினைச் சைக்கிள் கம்பியில் இரும்போடு இரும்பாக இறுக்கியபோது "இல்ல" என்றார். சன்னாசி யோசித்து, நடுவில் பழைய டியூப் துண்டை வைத்து இறுக்கினார். பின்சக்கரத்துக்குப் போகும் செயினை விறைப்பாகப் பூட்டியபோது பவுன்தாய் விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"மூச்சு விட இடம் குடுங்க அண்ணே."

சனிக்கிழமை பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றினார்கள். இந்த என்ஜினுக்கு ஆயில் தனியாகக் கிடையாது. பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போய்த்தான் பிஸ்டனை நனைக்க வேண்டும். எவ்வளவு உள்ளே போகலாம் என்பதைக் கார்புரேட்டரில் ஒரு சின்ன ஸ்க்ரூ தீர்மானிக்கும். அதை பவுன்தாயே திருகி வைத்தார்.

வண்டி கிளம்பியது. ஆனால் இருமியது. இரண்டு இருமலுக்கு ஒரு தடவை வெள்ளையாகப் புகை விட்டது. டீக்கடை வாசலில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் காசிமாயன் எழுந்து நின்றுவிட்டான்.

"அண்ணே, ரொட்டி விக்கப் போறீங்களா, கொசு மருந்து அடிக்கப் போறீங்களா?"

"ரொட்டிதான் ஏற்கனவே வெந்திருச்சே, மறுபடி எதுக்குப் புகை போடுறாரு?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

சன்னாசி திரும்பிப் பட்டறைக்கே வந்தார்.

"இருமுது, வாத்தியாரம்மா."

"இருமட்டும்."

"எப்போ நிக்கும்?"

"மேலே போய்ச் சேர்ந்ததும்."

ஞாயிறு காலை சன்னாசி தன் வீட்டு முற்றத்தில் திருப்புளியும் கையுமாகக் குந்தினார். ஸ்க்ரூவை உள்ளே கொஞ்சம் திருகினார். புகை குறைந்தது. இன்னும் கொஞ்சம் திருகினார். இருமல் நின்றது. கடைசியில் என்ஜின் ஒரே கம்பியை மீட்டுவது போல இழுத்துப் பாட ஆரம்பித்தது. அவர் சிரித்தேவிட்டார்.

டீக்கடையைத் தாண்டும்போது வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினார். காசிமாயன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். "அடேயப்பா!" என்றான். அது போதும் சன்னாசிக்கு.

பட்டறை வாசலில் வண்டியை அணைக்காமலே நின்றார். பவுன்தாய் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு என்ஜினை நிறுத்தி, துணியால் பிடித்து பிளக்கைக் கழற்றிக் காட்டினார். அதன் முனை சாக்பீஸ் போல வெளுத்திருந்தது.

"நேத்து இது காப்பித்தூள் நிறம்."

"இப்போ சுத்தமா இருக்குன்னுதானே அர்த்தம்?"

"காயுதுன்னு அர்த்தம். ஆயில் போதல."

பிளக்கை மாட்டி, ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். வண்டி இருமியது.

"பாடின வண்டியை மறுபடி இருமல்காரனா ஆக்கிட்டீங்களே," என்றார் சன்னாசி. குரலில் கோபம் தெரிந்தது. "ஊரே சிரிக்குது. உங்களுக்கென்ன, நீங்க பட்டறைக்குள்ள இருக்கீங்க."

பவுன்தாய் கீழே கிடந்த திருப்புளியை எடுத்துச் சன்னாசியின் சட்டைப் பையில் செருகினார்.

"வண்டி உங்களுது அண்ணே."

டீக்கடை வருவதற்கு முன்னால் ஒரு புளியமரம். அதன் மறைவில் வண்டியை நிறுத்தி, சன்னாசி ஸ்க்ரூவை உள்ளே திருகினார். பாடிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

திங்கட்கிழமை விடியும்போது பின்னால் இரண்டு கூடை ரொட்டியோடு மலை ஏறினார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. முழங்கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. மூன்றாவது வளைவில் சத்தம் இன்னும் மெலிந்து, இன்னும் உச்சத்துக்குப் போனது. இப்படி ஒரு சத்தத்தைக் காசிமாயன் கேட்கவில்லையே என்று நினைத்தார்.

நினைத்து முடிப்பதற்குள் என்ஜின் இறுகி, பின்சக்கரம் பிடித்துக்கொண்டு தரையில் தேய்ந்தது. வண்டி சாய்ந்தது. ஒரு கூடை கவிழ்ந்து பன்கள் ஓடைப் பக்கம் உருண்டன. என்ஜின் மேல் விழுந்த அவருடைய வேர்வைத் துளி சுரீர் என்று காய்ந்தது.

என்ஜின் ஆறும்வரை உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பரமன் மொபெட்டில் வந்து வேகத்தைக் குறைத்தான்.

"மேலே ஏதும் சொல்லணுமாண்ணே?"

"நீ போ."

என்ஜின் ஆறியதும் இறுக்கம் விட்டது. சன்னாசி பையிலிருந்த திருப்புளியை எடுத்து ஸ்க்ரூவை வெளியே திருகினார். வண்டி இருமிக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தது. குடியிருப்பில் கோழிகள் மட்டும் இருந்தன.

"யோவ் சன்னாசி, எட்டு மணிக்கு ரொட்டி கொண்டாந்தா யாருய்யா திங்கிறது?" என்று கேட்டபடி வந்தார் கங்காணி. சன்னாசியின் முட்டியில் ரத்தம் காய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நாளைக்கு ஒரு நாள் பார்க்கிறேன். அதுவும் ஆறரைக்குள்ள. இல்லேன்னா பரமன்தான்."

பட்டறையில் இருவரும் சேர்ந்து என்ஜினைப் பிரித்தார்கள். பிஸ்டனின் ஓரத்தில் நகம் கீறியது போலக் கோடுகள் விழுந்திருந்தன. பவுன்தாய் ஒரு துண்டு உப்புத்தாளை நீட்டினார். சன்னாசி வாங்கி மெதுவாகத் தேய்த்தார்.

தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் திரும்பத் திருகுவேன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் திருப்புளியை எடுத்துக் குடுத்தீங்க?"

"வழியில நின்னா வேணுமே."

செவ்வாய்க்கிழமை ஸ்க்ரூ பவுன்தாய் வைத்த இடத்திலேயே இருந்தது. டீக்கடை முன்னால் வண்டி நன்றாக இருமியது. "வந்துட்டாருப்பா கொசு மருந்து!" என்று காசிமாயன் மூக்கைப் பொத்திக்கொண்டான். சன்னாசி மணியை ஒரு தடவை அடித்துவிட்டுக் கடந்துபோனார். செங்குத்தான இடங்களில் கொஞ்சம் மிதித்தும் கொடுத்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். அடுப்புகளில் கட்டங்காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு கூடையும் காலியாயின. கங்காணியும் ஒரு பன்னை எடுத்துக் கடித்துக்கொண்டே, "நாளைக்கு வரும்போது அந்தப் புகையை அப்பால திருப்பி நிறுத்துய்யா," என்றார்.

இறங்கி வந்து சன்னாசி பட்டறையில் வண்டியை நிறுத்தினார். பிளக்கைத் தானே கழற்றிப் பார்த்தார். காப்பித்தூள் நிறம். மாட்டினார். ஆனாலும் போகாமல் நின்றார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை ஒரு சத்தம் கேட்டோமே... அது இனிமே வரவே வராதா, வாத்தியாரம்மா?"

"வரும்."

"எப்போ?"

பவுன்தாய் வேலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"டேங்க்ல பெட்ரோல் தீர்ந்துபோற நேரத்துல. நிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச தூரம் அப்படித்தான் பாடும்."