கல்யாணக் காலையில் செத்த ரிமோட்

தூத்துக்குடி உப்பு முதலாளி வைரப்பெருமாள், மகள் கல்யாணத்துக்கு விடியுமுன்னே கிளம்பினார். கார் திறக்கவில்லை. சாவி ரிமோட்டை எத்தனை தடவை அமுக்கியும் பூட்டு அசையவில்லை.

“எல்லாம் உன் கை ராசி!” என்று டிரைவர் மரியபுஷ்பத்தின் மேல் பாய்ந்தார். “ரிமோட் பேட்டரி செத்துப்போச்சு, புதுசு வாங்கக் கடை ஒண்ணும் திறக்கலை. ஆனாலும் கண்ணாடியை உடைக்காம இப்பவே திற. இல்லைன்னா வேலையை விட்டுப் போ!”

மரியபுஷ்பம் வீட்டுக்குள் போய் வந்தாள். நகத்தால் ரிமோட்டை நெம்பித் திறந்து, பழைய பேட்டரியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து அமுக்கினாள். கார் கண் சிமிட்டித் திறந்தது.

முதலாளிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “பேட்டரி ஏது?”

“நீங்க ஏறி நிக்கிற எடை மெஷின்ல இருந்து எடுத்தேன் மொதலாளி. அதுலயும் இதே வட்டப் பேட்டரிதான். பொய் சொல்லுதுன்னு தெனமும் ஏசுவியளே, அதான் அதோட வாயை அடைச்சிட்டேன்.”

பக்கத்தில் நின்ற முதலாளியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். முதலாளி காரில் ஏறினார். தாலி கட்டுமுன் மண்டபம் சேர்ந்தார்கள்.