எலுமிச்சை நசுங்காத ரதம்

செம்பாறை நாட்டு ராஜா கொற்றவேலுக்குப் பிறந்தநாள் வந்தால் அரண்மனையே ஒளிந்துகொள்ள இடம் தேடும். போன வருஷம் யானைக்குக் கொலுசு கேட்டார். இந்த வருஷம் ரதம்.

"சாயங்காலம் ஊர்வலம். புது ரதத்தில்தான் போவேன். ஆனால் நூறு வராகனுக்கு மேல் ஒரு காசு தரமாட்டேன். யார் வாங்கி வருகிறீர்கள்?"

சபை மொத்தமும் தரையைப் பார்த்தது. பிரதானி உமாபதியார் மட்டும் எழுந்தார்.

"அரசே, நம் மருதவாணன் இருக்கிறானே! படித்த பையன். அவனை அனுப்புங்கள்."

"நல்லது. மருதவாணா, ஒரு காசு கூடினாலும் உன் உத்தியோகம் போச்சு!"

மருதவாணன் வம்சத்தில் எழுத்துப் படித்து அரண்மனைக்குள் நுழைந்த முதல் ஆள் அவன்தான். வேலை கிடைத்து இன்னும் முழுசாக ஒரு சம்பளம் வாங்கவில்லை. ஊரில் இருப்பதோ ஒரே ரதப்பட்டறை. அதன் முதலாளி பொன்னப்பர், பிரதானியின் சொந்த மச்சினன். இது ராஜாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

பட்டறையில் பொன்னப்பர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வாங்க தம்பி! மோர் சாப்பிடுங்க. இந்த ரதத்தைப் பாருங்க. நூறே வராகன்!"

"நூறுதானா? அப்படியானால் முடித்துவிடலாமே!"

"முடிச்சிடலாம். பளபளப்புக் கட்டணம் மட்டும் அஞ்சு."

"அது எதற்கு?"

"பளபளன்னு இருக்கா, இல்லையா?"

"இருக்கிறது."

"அதுக்குத்தான். கொட்டகையில நின்னதுக்கு நிழல் கட்டணம் ஆறு. வாசல்வரைக்கும் தள்ளிவிட ஏழு."

"நாங்களே தள்ளிக்கொள்கிறோம், ஐயா."

"நீங்க தள்ளினா, என் ஆளுங்க சும்மா நிக்கணுமே. அதுக்கு எட்டு."

மருதவாணன் மோர்க் குவளையைக் கீழே வைத்தான். "இதற்கும் உண்டா?"

"சேச்சே! மோர் இலவசம் தம்பி. குவளைக்குத்தான் காசு. அப்புறம், வீதிக்கு வீதி சாவடியில ராஜாவோட வரி வாங்குவாங்க. அதை என்கிட்ட கேக்காதீங்க. வண்டி யாருதோ அவங்க கட்டணும்."

மருதவாணன் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தான். நூறு வராகனைக் கொட்டிவிட்டு அழலாமா, கொட்டாமலே அழலாமா என்று யோசித்தான். அப்போதுதான் வாசலில் தாம்பாளத்தில் இருந்த எலுமிச்சம்பழங்கள் கண்ணில் பட்டன.

செம்பாறையில் ஒரு வழக்கம். புது வண்டியின் சக்கரம் எலுமிச்சையை நசுக்கினால்தான் வியாபாரம் முடிந்ததாகக் கணக்கு. அதுவரை பணமும் கை மாறாது, வண்டியும் விற்றவருடையதுதான். அதற்கு முன்னால் வாங்குபவர் எங்கே வேண்டுமானாலும் வெள்ளோட்டம் ஓட்டிப் பார்க்கலாம். அச்சில் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு பட்டறைக்காரர் பின்னாலேயே வரவேண்டும். வாங்குகிறவர்கள் எல்லோரும் தெருமுனைவரை போய்த் திரும்பிவிடுவார்கள். பூஜைப் பொங்கல் ஆறிவிடுமே என்ற அவசரம்.

"ஐயா, பழம் வைப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாமா?"

"தாராளமா! அதுக்குக் கட்டணமே கிடையாது!" என்றார் பொன்னப்பர், பெரிய மனசோடு.

ரதம் நேரே அரண்மனைக்குப் போய் நின்றது. ராஜா ஏறினார். ரதம் ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்தது. மேளம் முழங்க ஊர்வலம் கிளம்பியது. பின்னால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பொன்னப்பர் ஓடினார்.

முதல் சாவடியில் காவலன் கையை நீட்டினான். உள்ளே ராஜாவைக் கண்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"இழுக்காதே அண்ணே," என்றான் மருதவாணன். "சட்டம் சட்டம்தான். எலுமிச்சை இன்னும் நசுங்கவில்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் அதோ, மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார் பார்."

பொன்னப்பர் திருதிருவென்று விழித்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பணப்பையை அவிழ்த்தார். அடுத்த வீதியிலும் அவிழ்த்தார். அதற்கடுத்த வீதியிலும்.

"அரசே, மேற்கு வீதி ஜனங்கள் தங்களைப் பார்க்காமல் ஏங்குகிறார்களாம்," என்றான் மருதவாணன்.

"அடடா! திருப்பு ரதத்தை!"

பைக்குள் கைவிட்டுத் துழாவிய பொன்னப்பர் குறுக்கே வந்து விழுந்தார். "தம்பி, உங்களைக் கும்பிடறேன்! பழத்தை நசுக்குங்க. ஒரு கட்டணமும் வேண்டாம். நூறே குடுங்க!"

"நூறா? அது புது ரதத்தின் விலை அல்லவா, ஐயா? இது ஊரெல்லாம் சுற்றிய பழைய ரதம்."

பக்கத்தில் வந்த பிரதானிக்கு ரத்தம் கொதித்தது. "அடேய்! பழசாக்கியதே நீதானே?"

"நான் ஏறவே இல்லையே. ஏறியவர் அரசர். அவர் உட்கார்ந்ததில் ரதம் தேய்ந்துவிட்டது என்றால், அதைத் தாங்களே அவரிடம் சொல்லுங்கள்."

பிரதானி ராஜாவின் தொந்தியைப் பார்த்தார். முடித்துத் தொலை என்று மச்சினனுக்குச் சைகை காட்டினார்.

எண்பது வராகனுக்கு முடிந்தது. பொன்னப்பர் மடியில் கொண்டுவந்த எலுமிச்சை நசுங்கியது.

"என்னடா நடக்கிறது இங்கே?" என்றார் ராஜா. மருதவாணன் பளபளப்பிலிருந்து குவளைவரை ஒன்றுவிடாமல் சொன்னான். பட்டறை யாருடைய மச்சினனுடையது என்பதையும் சொன்னான். ராஜாவின் மீசை துடித்தது.

"இதோ என் ஆணை! இனிமேல் சொன்ன விலைக்கு மேல் எவன் ஒரு காசு கேட்டாலும் சிறையில் தள்ளுங்கள்! எவனாக இருந்தாலும் சரி!"

கூட்டம் கைதட்டியது. மருதவாணன் மட்டும் தலையைச் சொறிந்தான்.

"அரசே, ஒரு சந்தேகம். சொன்ன விலைக்கு மேல் சாவடி வைத்து வரி கேட்பது தாங்கள்தான். தங்களுக்குக் காற்றோட்டமான அறையாகப் பார்க்கச் சொல்லட்டுமா?"

மேளக்காரர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். மருதவாணனுக்கே, இதைச் சொன்னது தன் வாய்தானா என்று பயமாகிவிட்டது.

ராஜாவின் தொந்தி முதலில் குலுங்கியது. பிறகுதான் சிரிப்பு வந்தது. ரதமே ஆடுகிற மாதிரி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாவடிகளை மூடித் தொலையுங்கள்!" என்றார். மிச்சமான இருபது வராகனை மருதவாணனிடமே கொடுத்து, உத்தியோகத்தையும் உயர்த்தினார்.

பணத்தை மருதவாணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பரிசுக்கு என்ன கட்டணம் என்று யாருக்காவது தோன்றுவதற்குள், சந்து வழியாக வீட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தான்.