முன்னால் போகிற வண்டி

பொள்ளாச்சிக்குத் தெற்கே, தார்ச்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் ஒரு சின்னக் குடில் இருந்தது.

அதில் சம்பூரணத்தம்மா இருந்தார். காவி கட்ட மாட்டார். வெள்ளை நூல் புடவைதான். விடிந்ததும் விளக்கேற்றிக் கும்பிடுவார், கஞ்சி காய்ச்சுவார், சுற்று ஊர்களில் தனியாகக் கிடக்கிற வயசானவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். யாராவது மனசு நொந்து வந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். அவருடைய உபதேசம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

சென்னியப்பன் அவருடைய சீடர். குருவைவிட வயதில் மூத்தவர். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு குடிலுக்கு வரத் தொடங்கி, அப்படியே ஒட்டிக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை வந்தவர், விளக்கைக்கூடக் கும்பிடாமல் நேரே சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, எனக்கு ஒரு மந்திரம் வேணுங்க."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எதுக்குங்கய்யா?"

"முன்னாடி போற வண்டி மெதுவாப் போனா எனக்குக் கோவம் வராம இருக்கோணும்."

"எப்படியாப்பட்ட கோவம்?"

"வாயில நல்ல வார்த்தை வராதுங்க."

"ரொம்ப நாளாவா?"

"கார் வாங்கின நாள்ல இருந்துங்க."

"அப்ப இன்னிக்கு என்ன அவசரம்?"

சென்னியப்பன் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த விதத்திலேயே வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று.

அவருக்கு ஒரே மகள், வசுமதி. பக்கத்து ஊரில்தான் கட்டிக் கொடுத்திருந்தார். பேத்தி நறுமுகையைக் காரில் வைத்துக்கொண்டு சுற்றுவதுதான் அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம். பிள்ளை இரண்டு சீட்டுக்கும் நடுவில் வந்து, அப்புச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ரோட்டையும் பார்க்கும், அப்புச்சியின் வாயையும் பார்க்கும்.

"ஞாயித்துக்கிழமை அவ ஊட்டுல மூணு சக்கர சைக்கிள் ஓட்டிட்டு இருந்திருக்காளுங்க. அவ அப்பாரு, அதான் அவ அப்பனோட அப்பா, எங்க சம்பந்தி, கை கழுவப் போயிருக்காரு. அவருக்கு முழங்கால் வலி. மெதுவாத்தான் நடப்பாரு. இவ பின்னாடியே போய் மணி அடிச்சிருக்கா. அவரு நகரல."

"ம்."

"'யோவ், நகருய்யா! ரோடு என்ன உங்கொப்பன் ஊட்டுதா?'ன்னுட்டாளுங்க."

அம்மாவின் கை கீரைக்கட்டில் அப்படியே நின்றது.

"சிரிக்கறீங்களாம்மா?"

"இல்லீங்கய்யா. நீங்க சொல்லுங்க."

"சம்பந்தி அப்படியே நின்னுட்டாரு. 'யாரு சாமி இதச் சொல்லிக் குடுத்தா?'ன்னு கேட்டிருக்காரு. 'அப்புச்சி!'ன்னு பளிச்சுனு சொல்லிப்போட்டா."

இப்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்த மனுசன் ஒண்ணும் பேசலீங்க. சம்பந்தியம்மாதான், 'நல்ல வளர்ப்பு'ன்னு ஒரே வார்த்தை சொல்லிச்சாம். என் பொண்ணு அந்த ஊட்டுல தலை நிமிர முடியல. போன் பண்ணா. 'ஸ்கூல் தொறந்தா பாப்பாவ நான் வேன்ல அனுப்பிக்கறேன். நீங்க வர வேண்டாம்ப்பா'ன்னுட்டா."

"நீங்கதானே கூட்டிட்டுப் போறதா இருந்தது?"

"ஆமாங்க. காலைல கொண்டுபோய் விட்டு, மத்தியானம் கூட்டிட்டு வரலாம்னு. அது இல்லீன்னா, காலைல எந்திரிச்சு நான் எங்கீங்கம்மா போறது?"

பெண்ணைப் பெற்றவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். அம்மா எழுந்து உள்ளே போனார். விளக்குக்கு முன்னால் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். திரும்பி வரும்போது கையில் இரண்டு அட்டை இருந்தது. இரண்டிலும் சிவப்பில் 'எல்' என்று எழுதியிருந்தது.

"ஐயா, எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் குடுங்க."

"நான் மந்திரம் கேட்டேனுங்க."

"கேட்டீங்க. கஞ்சி வண்டி ஓட்டிட்டு இருந்த தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாப்ல. எத்தனை நாளைக்குத்தான் ஊரார் வண்டிய எதிர்பார்க்கறது? எல்.எல்.ஆர். கூடப் போட்டுட்டேன்."

"சரிங்க. அப்ப மந்திரம்?"

"மொதல்ல கியரு."

கொஞ்ச நாள் சென்னியப்பனின் காரிலேயே கோயில் மைதானத்தில் ஓட்டினார்கள். அம்மா கஞ்சி கிண்டுகிற மாதிரியே கியரைப் போடுவார். வண்டி குலுங்கும், நின்றுபோகும். சென்னியப்பன் ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை.

"பரவால்லீங்கம்மா. எல்லாரும் இப்படித்தான். இன்னொருக்காப் போடுங்க."

பிறகு ரோட்டுக்கு வந்தார்கள்.

அந்த ரோட்டில் போக ஒன்று, வர ஒன்று, அவ்வளவுதான் இடம். இரண்டு பக்கமும் புளியமரம். முன்னால் போகிறவர் மெதுவாகப் போனால் பின்னால் வருகிறவர் எல்லாரும் மெதுவாகத்தான் போக வேண்டும். அன்றைக்கு முன்னால் போனவர் சம்பூரணத்தம்மா.

சைக்கிளில் போன பால்காரர் அவர்களைத் தாண்டிப் போனார். போகிறபோது ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார்.

பின்னால் ஒரு கார் ஆரன் அடித்தது.

"அடிச்சா அடிச்சுட்டுப் போறான். நீங்க பாட்டுக்கு ஓட்டுங்கம்மா."

கார் விடாமல் அடித்தது. கடைசியில் உரசுகிற மாதிரி வெட்டி, தாண்டிப் போனது. போகும்போது ஓர் இளவட்டம் தலையை நீட்டி, "காரை ஊட்டுல உட்டுப்போட்டு நடந்தே போலாமுல்ல!" என்று கத்தியது.

சென்னியப்பன் இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே போய்விட்டார். "டேய்! கத்துக்கறவங்கடா! எல் போர்டு போட்டிருக்கறது கண்ணு தெரியலையா?"

"ஐயா, உள்ள வாங்க. எனக்கு அந்தப் பக்கத்துக் கண்ணாடி தெரியல."

அவர் உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது. "பாருங்கம்மா. கொஞ்சமாச்சும் பொறுமை இருக்குதா இந்த ஜனத்துக்கு?"

அம்மா கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் ஒரு மினி பஸ், அதற்குப் பின்னால் தேங்காய் லோடு, அதற்கும் பின்னால் இன்னும் நாலைந்து.

"நெறையப் பேரு நிக்கறாங்கய்யா. இடது பக்கம் எடம் இருக்குது. ஒதுங்கிக்கட்டுமா?"

"எதுக்குங்க ஒதுங்கறது? நாமளும் டாக்ஸ் கட்டறோம். அவசரம்னா அவங்க காத்துட்டு இருக்கட்டும். ரோடு என்ன அவங்கொப்பன்..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

அம்மா இடது இண்டிகேட்டரைப் போட்டு, மண்பாதையில் வண்டியை இறக்கினார். மினி பஸ் தாண்டியது. அதன் டிரைவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அம்மாவும் சந்தோஷமாகக் கையைத் தூக்கினார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோயிற்று.

"கிளட்ச விட்டுட்டனாட்ட இருக்குதுங்கய்யா."

சென்னியப்பன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தார். குடிக்காமலேயே மூடி வைத்தார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ஒருநாள் கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்குகிற நேரத்தில் மறுபடியும் கேட்டார்.

"அம்மா, நீங்க கத்துக்கறவங்க. அதுவும் ஒதுங்கி வழி விடறீங்க. சில பேரு அப்படி இல்லீங்களே. வேணும்னே நடு ரோட்டுல போறான். போன் பேசிட்டுப் போறான். அவனுக்கு நோவும் இல்ல, கஷ்டமும் இல்ல. அவன என்ன பண்றது?"

"அவரு பண்றது தப்புத்தான்."

சென்னியப்பனுக்கு முகம் மலர்ந்தது. "அப்பக் கோவப்படலாமுங்களா?"

"கோவப்பட்டா ஒதுங்கிடறாரா?"

"எங்கீங்க! இன்னும் மெதுவாப் போவான்."

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அவன் முதுகோட ஒட்டிக்கிட்டே போவனுங்க. ஆரன்ல இருந்து கையே எடுக்க மாட்டேன்."

அம்மா தலையாட்டினார். "சரி, அந்த வாளியத் தூக்கிட்டு என் பின்னாடி வாங்க. வண்டில ஏத்திடலாம்."

அம்மா டம்ளர் கூடையோடு முன்னால் நடந்தார். சென்னியப்பன் கஞ்சி வாளியோடு பின்னால் நடந்தார். அம்மா நிதானமாக நடப்பவர். சென்னியப்பனுக்கு நிதானமாக நடந்து பழக்கமில்லை. அவர் குதிகாலை மிதிக்கிற மாதிரிப் போய்க்கொண்டிருந்தார். குறுக்கே கோழி ஏதும் வந்ததா, வரவில்லையா, தெரியாது. அம்மா சட்டென்று நின்றார்.

கஞ்சி அலம்பி அவர் கால்மேல் விழுந்தது.

"ஆ... அம்மா! இப்படிச் சொல்லாமக் கொள்ளாம நின்னா எப்படீங்க?"

"தப்புத்தானுங்கய்யா. நான் நின்னது தப்புத்தான்."

அம்மா கூடையைக் கீழே வைத்தார். குடத்திலிருந்து பச்சைத் தண்ணீர் மொண்டு, குனிந்து, அவர் காலில் ஊற்றினார். சென்னியப்பன் பதறி, "ஐயோ, நீங்க போய் என் காலை..." என்று பின்னால் நகர்ந்தார்.

"காட்டுங்க. சுட்டது உங்களுக்குத்தானே?"

அவர் காலை நீட்டினார்.

"அடுத்த தடவை சித்தெ தள்ளி வாங்க," என்றார் அம்மா.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். அமாவாசைக்குக் குடிலில் விளக்குப் போட வசுமதி பிள்ளையோடு வந்திருந்தாள். அப்பாவிடம் அளவாகப் பேசினாள். பிள்ளைதான் அப்புச்சியின் மடியை விட்டு இறங்கவில்லை.

கிளம்பும்போது அம்மா சொன்னார்: "பஸ்ஸுல கூட்டமா இருக்கும் அம்மணி. ஐயா வண்டில போயிடலாம். எனக்கும் அந்தப் பக்கம் கஞ்சி குடுக்கோணும்."

வசுமதி தயங்கினாள். அம்மா சொன்னதை மறுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

சென்னியப்பன் ஓட்டினார். அம்மா பக்கத்தில். தாயும் மகளும் பின்னால்.

ஊரைத் தாண்டியதும் முன்னால் ஒரு கார். நட்ட நடு ரோட்டில், கல்யாண ஊர்வலம் மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் ஒரு கையால் காதில் போனைப் பிடித்திருப்பது பின்னால் இருந்தே தெரிந்தது. எதிரே வண்டிகள் வந்தபடி இருந்தன. தாண்ட வழியில்லை.

நறுமுகை எழுந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் வந்து நின்றாள். சினிமா ஆரம்பிக்கப் போகிற மாதிரி முகம்.

"உக்காருடி," என்று வசுமதி கவுனைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை அசையவில்லை.

சென்னியப்பன் ஒரே ஒரு முறை, லேசாக, ஆரன் அடித்தார். முன்னால் போன கார் நகரவில்லை. அவர் கழுத்து சிவந்தது. அந்தச் சிவப்பை வசுமதி சின்ன வயசிலிருந்தே பார்த்து வளர்ந்தவள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தார்.

இரண்டு வண்டிக்கும் நடுவில் இடம் விழுந்தது. விழுந்ததும் ஒரு பைக் அதற்குள் புகுந்துகொண்டது. சென்னியப்பன் பெருமூச்சு விட்டார். அந்தப் பைக்குக்கும் சேர்த்து மறுபடி இடம் விட்டார்.

நறுமுகை பொறுத்துப் பார்த்தாள்.

"அப்புச்சி, மறந்துபோச்சா?"

"என்னது சாமி?"

"'யோவ்'னு ஆரம்பிக்கோணும்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வசுமதி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று சொல்ல முடியாது.

"அது வேண்டாம் பாப்பா. அப்புச்சி தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

"அந்த மாமா ஏன் மெதுவாப் போறாரு?"

உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா, வயசானவர் என்று சொல்லலாமா என்று சென்னியப்பன் யோசித்தார். போன் இன்னும் காதிலேயே இருந்தது.

"தெரியல சாமி."

"நாம ஏன் மெதுவாப் போறோம்?"

"அவரு முன்னாடி போறாரு. அதனால."

வசுமதி தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"அப்பா," என்றாள் வசுமதி.

"என்ன அம்மணி?"

"திங்கக்கிழமை கொஞ்சம் முன்னாடியே வந்துருங்க. இவ சாப்பிட லேட்டாக்குவா."

சென்னியப்பனுக்குக் கண் நிறைந்து ரோடு மங்கியது. துடைப்பதற்குக்கூட ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார்.

முன்னால் போகிற கார் இன்னும் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. பிள்ளைக்குச் சலித்துவிட்டது. முன்சீட்டில் இருந்த சம்பூரணத்தம்மாவின் தோளில் முகவாயை வைத்துக்கொண்டது.

"சாமியம்மா, நாம எப்பப் போவோம்?"

"போயிட்டுத்தானே இருக்கறோம், கண்ணு," என்றார் அம்மா.