கோயில் தெரிந்தால் போகலாம்

"அர்த்தநாரி எந்த இடத்துல தப்புப் பண்ணுனான் மேடம்? அத மட்டும் சொல்லுங்க போதும்" என்று கேட்டார் செங்கோட்டுவேல்.

ரோஸ்லின் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஓடுதளம், நாலைந்து குட்டி விமானங்கள். வசதியுள்ளவர்கள் ஆசைக்குப் பறக்கிற இடம் அது. அங்கே எல்லோருக்கும் பறக்கக் கற்றுக்கொடுத்தவர் ரோஸ்லின். சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். செங்கோட்டுவேலுக்கு ஐம்பத்தாறு வயது. திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிகள் வைத்திருந்தார். அர்த்தநாரியும் அதே ஊர், அதே தொழில். இரண்டு பேரும் சேர்ந்துதான் கற்றுக்கொள்ள வந்தார்கள்.

போன மாதம் அர்த்தநாரி கணவாயில் மேகத்துக்குள் போனார். பாறையில் மோதிச் செத்துப்போனார்.

அந்த ஓடுதளத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது விழுந்து செத்தால் மற்றவர்கள் கேன்டீனில் கூடுவார்கள். பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே செத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்ததும் எல்லோருக்கும் நிம்மதியாகிவிடும். அந்தத் தப்பை நாம் செய்யமாட்டோம், ஆகவே நாம் சாகமாட்டோம். மயான வைராக்கியமாவது குளித்துத் தலை துவட்டும்வரை நிற்கும். இவர்கள் பயம் பஜ்ஜி ஆறுவதற்குள் தீர்ந்துவிடும்.

அர்த்தநாரி விஷயத்தில் மட்டும் அது தீரவில்லை.

கணவாயின் வாயில் ஒரு குன்று இருக்கிறது. அதன் உச்சியில் வெள்ளையடித்த முருகன் கோயில். கோயில் தெரிந்தால் போகலாம், தெரியாவிட்டால் திரும்பிவிட வேண்டும். ரோஸ்லின் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் அதுதான். புதிதாக வருகிறவர்களுக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி உயிரை எடுத்தவர் அர்த்தநாரி.

"அத்தனையும் தெரிஞ்சவன் எப்படிப் போனான்? அது தெரிஞ்சா நான் தைரியமாப் போயிட்டு வந்துருவேன்."

அன்று செங்கோட்டுவேலின் மகள் பொற்கொடிக்கு வளைகாப்பு. புகுந்த வீடு மலைக்கு அந்தப் பக்கம். பக்கத்திலேயே ஒரு எஸ்டேட் ஓடுதளமும் இருந்தது. எங்கப்பா வளையலை விமானத்தில் கொண்டுவருவார் என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். மனைவி முந்தின நாளே காரில் போய்விட்டார். வளையல் பெட்டி இவர் மடியில் இருந்தது. இனி காரில் கிளம்பினால் பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர முடியும்.

"கோயில் தெரியலைன்னா என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டார் ரோஸ்லின்.

"திரும்பிருவேன்."

"நிச்சயமா?"

"எம் பொண்ணு மேல சத்தியமாங்க."

ரோஸ்லின் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க, நானும் வாறேன்."

செங்கோட்டுவேல் ஓட்டினார். ரோஸ்லின் பக்கத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் வளையல் பெட்டி.

கீழே தென்னந்தோப்பு போனது, அணை போனது. மலை நெருங்கியபோது மேகம் இறங்கியிருப்பது தெரிந்தது. குன்று தெரிந்தது. படிக்கட்டு பாதிவரை தெரிந்தது. கோயில் தெரியவில்லை.

"படி நல்லாத் தெரியுதுங்க. இன்னுங் கொஞ்சம் கிட்டப் போனா கோயில் தெரிஞ்சுரும்."

ரோஸ்லின் கைகளை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"அந்தப் பக்கம் வெளிச்சமாத்தான் இருக்குது. இது சும்மா லேசு மேகம்."

செங்கோட்டுவேல் விமானத்தைக் கொஞ்சம் தாழ்த்தினார். படிக்கட்டும் மறைந்தது. பிறகு கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. மலை எந்தப் பக்கம், தரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நேராகத்தான் போகிறோம் என்று அவர் உடம்பு சொன்னது. ஆனால் பின்னால் வளையல் பெட்டி சரிந்து விழுந்தது. எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது.

"விடுங்க" என்றார் ரோஸ்லின்.

செங்கோட்டுவேலின் விரல்கள் பிடியை விடவில்லை. ரோஸ்லின் அவர் கையைத் தட்டிவிட்டு, முன்னால் இருந்த மீட்டர்களின் முட்களை மட்டும் பார்த்துக்கொண்டு விமானத்தை நிமிர்த்தித் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வெயில் வந்தது, அணை வந்தது, தென்னந்தோப்பு வந்தது.

இறங்கியதும் செங்கோட்டுவேல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். ரோஸ்லினின் அறைக்குள் வந்து உட்கார்ந்த பிறகு அழுதார்.

"புரிஞ்சுருச்சுங்க மேடம். அவன் எப்படிப் போனான்னு புரிஞ்சுருச்சு. சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்."

தன் விமானத்தின் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். சாவி வளையத்தில் சின்னதாக அர்த்தநாரீசுவரர் படம் தொங்கியது.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

ரோஸ்லின் மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளே ஒரு சாவி கிடந்தது. அதிலும் அதே படம். மலைக்கோயில் கடையில் இரண்டு நண்பர்களும் ஒன்றாக வாங்கியது.

செங்கோட்டுவேல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் நம்மகூடப் பறந்த அந்த வக்கீல் விழுந்து செத்தார்ல. அப்ப அர்த்தநாரி சாரும் உங்கள மாதிரிதான் வந்து கேட்டார். அவரையும் கூட்டிட்டுப் போனேன். இதே இடத்துல இருந்துதான் திருப்பிக் கொண்டுவந்தேன். அவரும் அழுதார். சாவியக் குடுத்துட்டுப் போனார்" என்றார் ரோஸ்லின்.

"அப்புறம் எப்படிங்க?"

"டூப்ளிகேட் வச்சிருந்தார்."

ரோஸ்லின் இரண்டாவது சாவியை முதல் சாவியின் பக்கத்தில் வைத்து டிராயரை மூடினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"இதுக்கு மேல எனக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியல சார்."

அப்போது செங்கோட்டுவேலின் போன் அடித்தது. பொற்கொடி.

"அப்பா, எல்லாரும் மொட்டை மாடியில நின்னு வானத்தையே பாத்துட்டு இருக்காங்க. கெளம்பிட்டீங்களா?"

ஜன்னல் வழியாகக் கணவாய் தெரிந்தது. மேகம் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. குன்றின் உச்சியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கோயிலாக இருக்கலாம். மேகமாகவும் இருக்கலாம்.

"வந்துட்டே இருக்கேன் சாமி" என்றார்.

போனை வைத்த பிறகுதான் தன் இடது கை பேண்ட் பைக்குள் இருப்பதைக் கவனித்தார். உள்ளே வீட்டுச் சாவிக்கொத்து இருந்தது. விமானத்தின் இன்னொரு சாவியை விரல்கள் கொத்திலிருந்து தனியாகப் பிரித்து வைத்திருந்தன.